எத்தனை லோரி மண் வேணும்? கொட்டுவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

"முன்னால கொஞ்சம் மண் கொட்டி உயர்த்திட்டா தண்ணி நிக்காது." மழைக்காலம் நெருங்கினால் பட்டர்வொர்த் தாமான்களில் இந்தப் பேச்சு வந்துவிடும். கடலோரத் தாழ்நிலம் இது. 2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பினாங்கையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தை இங்கு யாரும் மறக்கவில்லை.

ஆனால், "ரெண்டு லோரி போதும்" என்று கண்ணளவில் சொன்னால் சிக்கல்தான். குறைந்தால் இன்னொரு நடைக்குக் காசு. மிஞ்சினால் மண் சாலையோரத்தில் குவியும். ஒரே மழையில் கால்வாயில் இறங்கி அதை அடைத்துவிடும். எதைத் தடுக்க மண் கொட்டினோமோ, அதுவே வந்து சேரும்.

அடிப்படைக் கணக்கு என்ன?

நீளம் × அகலம் × ஆழம். இவ்வளவுதான். ஆனால் மூன்றும் ஒரே அளவையில் இருக்க வேண்டும்.

மாக் மண்டினில் ஒரு தரை வீட்டின் முன்புறம் 20 அடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்வோம். அதை 6 அங்குலம் உயர்த்த வேண்டும். 6 அங்குலம் என்றால் அரை அடி. 20 × 15 × 0.5 = 150 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி. ஆக, ஏறக்குறைய 4.25 கன மீட்டர்.

இடம் கோணல்மாணலாக இருந்தால் செவ்வகம், முக்கோணம் எனப் பிரித்து அளந்து கூட்டுங்கள். தரை சரிவாக இருந்தால் ஒரே இடத்தில் ஆழத்தைப் பார்க்காதீர்கள். ஏழெட்டு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

அப்படியானால் 4.25 கன மீட்டர் வாங்கினால் போதுமா?

போதாது. லோரியில் வருவது தளர்வான மண். மிதித்து, மழையில் நனைந்த பிறகு அது அமுங்கிவிடும். தோட்ட மண் ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்குவது சாதாரணம். அதாவது 100 கன அடி கொட்டினால் 80 கன அடிதான் நிற்கும்.

இங்கே பலரும் 20 விழுக்காடு கூட்டிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். 150-உடன் 20 விழுக்காடு கூட்டினால் 180. ஆனால் 180 கன அடி அமுங்கினால் 144-தான் வரும், குறைகிறது. சரியான வழி, 0.8-ஆல் வகுப்பது. 150 ÷ 0.8 = 187.5 கன அடி, அதாவது சுமார் 5.3 கன மீட்டர்.

'3 டன் லோரி' என்றால் 3 கன மீட்டரா?

இல்லை. டன் என்பது எடை; கன மீட்டர் என்பது கொள்ளளவு. தளர்வான தோட்ட மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 டன் இருக்கும். காய்ந்த மணல் சுமார் 1.6 டன். நனைந்தால் எடை இன்னும் கூடும்.

நம் வீட்டுக்கு வேண்டிய 5.3 கன மீட்டர் மண்ணின் எடை சுமார் 6.9 டன். ஒரு நடைக்கு 3 டன் ஏற்றினால் மூன்று நடை வேணும். "நாலு கன மீட்டர்தானே, ரெண்டு லோரி" என்று நினைத்தவருக்கு இங்கேதான் ஒரு லோரி இடிக்கிறது.

உங்கள் மண்ணின் எடையை நீங்களே பார்க்கலாம். 10 லிட்டர் வாளியில் மண்ணைத் தளர்வாக நிரப்பி எடை போடுங்கள். வாளியின் எடையைக் கழித்துவிட்டு 100-ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டரின் எடை வந்துவிடும்.

மழை நாளில் எப்படி வாங்குவது?

எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சரி, கொள்ளளவில் வாங்கலாமே என்றால், மணலில் இன்னொரு வேடிக்கை உண்டு. லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். காய்ந்த மணலைவிட 20 முதல் 30 விழுக்காடு வரை அதிக இடம் பிடிக்கும். அதனால் விலை பேசும்போதே டன் கணக்கா, கன மீட்டர் கணக்கா, ஈரமா, காய்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

சின்னப் பிசகு எவ்வளவு பெரிதாகும்?

நம் முன்புறத்தில் ஆழம் ஓர் அங்குலம் தவறினால் 25 கன அடி வித்தியாசம். பினாங்குத் தீவின் தெற்கே கடலை நிரப்பி உருவாகிவரும் சிலிக்கான் தீவைப் பாருங்கள். அதன் திட்டப் பரப்பு 2,300 ஏக்கர். அங்கே சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர் பிசகினாலே ஏறக்குறைய 930,000 கன மீட்டர் மாறிவிடும். வீடோ தீவோ, பரப்பைவிட ஆழத்தில்தான் கணக்கு அதிகம் சறுக்கும்.

கொட்டுவதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும்?

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 70ஏ பிரிவில், நிலத்தை நிரப்புவதையும் சமன்படுத்துவதையும் மண் வேலையாகவே கருதுகிறது. மண் வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். எனவே லோரிக்குச் சொல்வதற்கு முன்னால் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் தரை 6 அங்குலம் உயர்ந்தால், அங்கே தேங்கிய தண்ணீர் வேறெங்காவது போயாக வேண்டும். அது கால்வாய்க்குப் போகிறதா, பக்கத்து வீட்டுக்குப் போகிறதா என்று சரிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மண் கணக்கு சரியாக வந்தாலும், தண்ணீருக்கு வழி விட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.