பியர் கிரில்ஸ் கத்தியைப் பிரித்துப் பார்த்தால்…

2020-ல் ரஜினிகாந்த் பந்திப்பூர் காட்டில் தொலைக்காட்சிச் சாகசக்காரர் பியர் கிரில்ஸுடன் சுற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, வீட்டுப் பையன்களின் கண் சூப்பர் ஸ்டார் மேல் பாதி, கிரில்ஸின் இடுப்பில் பாதி. "அந்தக் கத்தி எங்கே கிடைக்கும்?"

கடையிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1939-ல் தொடங்கிய கெர்பர் நிறுவனம், அவரது 'மேன் வெர்சஸ் வைல்டு' தொடர் உச்சத்தில் இருந்த காலத்தில் கிரில்ஸ் பெயரில் 'அல்டிமேட்' என்ற கத்தியை இறக்கியது. அப்போது விலை ஏறக்குறைய 60 டாலர். கையால் செய்யும் காட்டுக்கத்திகள் பல நூறு டாலருக்குப் போகும் சந்தையில் இது மலிவுதான். அலகு 4.8 அங்குலம், அரைச் சாணுக்குச் சற்று மேல்.

இந்த விலைக் கத்திகளைச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவதில்லை. எஃகுத் தகட்டில் வெட்டியெடுத்து, தீட்டி, பிடியை அச்சில் வார்த்துப் பொருத்துகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. கத்தியின் குணத்தைத் தீர்மானிப்பது நம் கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்று சொல்கிற வேலை. எஃகைச் செஞ்சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது, உள்ளே கரைந்திருந்த கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. இரும்பின் படிக அடுக்கு இழுபட்டு விறைக்கிறது. அந்த விறைப்புதான் கடினம். அப்படியே விட்டால் கண்ணாடிபோலச் சில்லுத் தெறிக்கும் என்பதால், மிதமாகச் சுடவைத்துக் கொஞ்சம் தளர்த்துவார்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம் 11 சதவீதமாவது வேண்டும்.

மலிவுக் கத்தியின் எஃகு சற்று மென்மையானது, சீக்கிரம் மழுங்கும். ஆனால் காட்டில் அது வசதி என்பேன். விலையுயர்ந்த கடின அலகு கணு மரத்தில் மாட்டினால் விளிம்பு உடையலாம், இது வளையும். ஆற்றங்கரைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடிக்காதது அல்டிமேட்டின் ரம்பப் பல். கயிறு அறுக்கப் பல் நல்லதுதான்: ஒவ்வொரு பல்லின் முனையிலும் விசை குவிந்து, நாரைக் கவ்வி இழுக்கும். ஆனால் அதை வைத்த இடம்தான் தப்பு. மரம் சீவும்போது பிடியை ஒட்டிய பகுதியில்தான் கைக்கு வலு அதிகம். சரியாக அங்கேதான் பல்லை வெட்டியிருக்கிறார்கள். உறையில் சாணைத் தகடு ஒன்றும் இருக்கிறது. பற்களைத் தீட்ட அது உதவாது.

விலைக்குப் பழுதில்லாத பொருள் உறையில் செருகிய, தீ மூட்டும் கறுப்புக் குச்சிதான். இரும்பும் சீரியமும் கலந்த இந்த உலோகத்தை 1903-ல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவுர் வான் வெல்ஸ்பாக். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் பார்த்தவர்கள் இவருக்குக் கடன்பட்டவர்கள். அதன் மேன்டிலும் இவர் கைவேலைதான். அலகின் முதுகில் இருக்கும் வெட்டால் குச்சியைச் சுரண்டினால் சீரியத் துகள்கள் உதிரும். உரசல் சூட்டிலேயே அவை பற்றிக்கொள்ளும். பொறியின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். தீப்பெட்டி நனைந்தால் போச்சு. இதைத் துடைத்துவிட்டு மறுபடி உரசலாம்.

பிடிக் கயிற்றில் விசில், அடியில் சுத்தியல்போல உலோகக் குமிழ் என்று மற்றவையும் உண்டு. விசிலைக் குறை சொல்லமாட்டேன்: கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் அது ஒலிக்கும்.

சுவீடனின் மோரா ஊர்க் கத்தி இதில் பாதி விலைகூட இல்லை. பிரபலத்தின் பெயர் இல்லை, பல் இல்லை. மரத்தைக் கத்தரிக்காய்போலச் சீவும். ஒரு கத்திதான் வாங்கமுடியும் என்றால் அதையும், தீ மூட்டும் கறுப்புக் குச்சி ஒன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். கிரில்ஸ் பெயர்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், பல் இல்லாத நேர்விளிம்பு அல்டிமேட்டையும் கெர்பர் விற்றிருக்கிறது, அதைத் தேடுங்கள்.