கீழே இருப்பவர்களின் வானம்

'வான்வெளியைப் பகிர்தல்' என்கிற சொல்லாடலில் யார் யார் பங்காளிகள்? இந்தக் கேள்வியோடு டிரோன் விதிகள் 2021-ஐ வாசிக்க வேண்டியிருக்கிறது.

விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வகுக்கின்றன. பச்சையில் 400 அடி உயரம்வரை பறக்க முன்அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதிக்க வேண்டும்; சிவப்பில் மத்திய அரசு. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் பச்சையின் உயரம் 200 அடியாகக் குறைகிறது. இறங்க வரும் விமானம் அங்கே தாழப் பறக்கும். டிரோன் மோதினால் உயிர்கள் போகும். இந்தப் பிரிவினை அவசியமானதுதான்.

ஆனா 400 அடின்னா எவ்வளவு? காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த உயரத்துக்குக் கீழேதான் ஏனாத்தூரின் மொட்டைமாடிகளும் கொல்லைப்புறங்களும் கூரையில்லாத குளியல் மறைப்புகளும் இருக்கின்றன. விதிகளின் கணக்கில் பறப்பவை மட்டுமே பங்காளிகள். கீழே வாழ்கிறவர்கள் அதில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதற்குப் பின் வந்த இவ்விதிகள் அதுபற்றி மௌனம் காக்கின்றன.

2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர் காவல்துறை ஒரு வீடியோ வெளியிட்டது. வெட்டவெளியில் கேரம் ஆடிய இளைஞர்கள் டிரோனைக் கண்டு சிதறி ஓடுகிறார்கள். கேரம் பலகையாலேயே முகத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். ஊரே சிரித்தது. எங்கே நின்னு சிரிச்சோம்? டிரோனின் கண்ணுக்குள் நின்று. ஃபூக்கோ பேசிய சிறைக் கோபுரத்துக்காவது ஓர் இடம் உண்டு. அது எங்கே இருக்கிறதென்று கைதிக்குத் தெரியும். இதற்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கூடவே, அதிகாரத்தின் பார்வையை நமது கேளிக்கையாகவும் ஆக்கிவிடுகிறது.

டிரோனையே மறுப்பதல்ல இதன் பொருள். ஏரி ஆக்கிரமிப்பையும் மணல் கொள்ளையையும் மக்களும் மேலிருந்து பதிவு செய்யலாம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஏகனாபுரத்தார் நிலத்துக்காகவும் நீர்நிலைக்காகவும் போராடுகிறார்கள். விமான நிலையம் வந்தால் வானமும் போகும்: சுற்றிலும் 5 கிலோமீட்டர்வரை சிவப்பு. மக்களின் கண் மூடப்படும். அரசின் கண் திறந்தே இருக்கும்.

யார் பறக்கவிட்டார்கள், எதற்காக, எடுத்த படம் எங்கே போகிறது? இந்த மூன்றுக்கும் கிராமசபையில் பதில் சொல்லும் கடமை விதியில் எழுதப்பட வேண்டும். அதுவரை 'பகிர்தல்' என்பது மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினைதான்.