டிராகன் சூளைக்கு விசிறி எதற்கு?

சிங்கப்பூரில் ஜாலான் பஹார் அருகே தாவ் குவாங் டிராகன் சூளை இருக்கிறது. 1940இல் கட்டியது. சரிவில் படுத்திருக்கும் டிராகனைப் போல நீண்ட செங்கல் சுரங்கம்; கீழே தலை, மேலே வால். மண்பாண்டங்களை உள்ளே அடுக்கி விறகு எரித்தால் வெப்பநிலை 1,200 பாகை செல்சியசைத் தாண்டும். இதற்கு மின்விசிறியோ துருத்தியோ தேவைப்படுவதில்லை. எப்படி?

ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சுமார் 5 கன மீட்டர். இவ்வளவு காற்றையும் இழுத்து வருவது சூளையின் சாய்வுதான். 27 பாகையில் உள்ள காற்றை 627 பாகைக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி மூன்றில் ஒரு பங்காகிவிடும். (கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள்: 300, 900.) இலேசான சூட்டு வளி மேலேறி வால்பக்கம் வெளியேற, தலைப்பக்கத் திறப்பில் புதுக்காற்று நுழைகிறது. பள்ளியில் படித்த அதே வெப்பச்சலனம்! சூளை முழுவதுமே சாய்த்துவைத்த ஒரு புகைபோக்கி.

அப்படியானால் காற்று கூடக் கூட நல்லதுதானே? இல்லை. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அது எரிவதற்கு உதவாது. வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியே போய்விடும். காற்று குறைந்தாலோ கரும்புகை. விறகு சூடானதும் அதன் எடையில் பெரும்பகுதி எரியக்கூடிய வளியாக மாறுகிறது. நாம் காணும் சுவாலை அந்த வளி எரிவதுதான். அது முழுதாக எரியாவிட்டால் கரும்புகை எழும். புகைபோக்கியில் கரும்புகை தெரிந்தால் எரிபொருள் வீணாகிறது என்று பொருள்.

இதனால்தான் தலைப்பக்க எரி அறை தாராளமாக இருக்க வேண்டும். வளியும் காற்றும் நன்கு கலந்து எரிய இடமும் நேரமும் தேவை. இடம் போதாவிட்டால் சுவாலை குளிர்ந்த பானையில் மோதி, பாதியில் அணைந்து கரி படியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கவாட்டுத் துளைகள். தலைப்பகுதி போதிய சூடு பெற்றதும், இந்தத் துளைகளில் மெல்லிய விறகைப் போட்டபடி மேல்நோக்கி நகர்வார்கள். அந்த விறகுக்கு வேண்டிய காற்று, கீழே வெந்துமுடிந்த பானைகளைக் கடந்து வருகிறது. பானைகள் ஆறுகின்றன, காற்று சூடேறுகிறது. எரிந்தபின் மேலே போகும் வளி, இன்னும் வேகாத பானைகளைச் சூடாக்கித் தயார்படுத்துகிறது. ஒரே வெப்பத்துக்கு எத்தனை வேலை பாருங்கள்!

காற்றோட்டம் விறகுச் சாம்பலையும் தூக்கிச் செல்லும். பானைமேல் படியும் சாம்பல் அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடி போன்ற பூச்சாகிறது. சுவாலை வந்த பக்கத்தில் பூச்சு தடிப்பாக இருக்கும். பானையைக் கையில் எடுத்தால், சூளைக்குள் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.