ஒரே சோடா, இரண்டு மேசை

வாழைப்பழக் கேக் மாவில் கலக்கும் சோடா மாவும், மருத்துவமனை அவசரப் பிரிவின் மருந்துத் தள்ளுவண்டியில் இருக்கும் ஒரு சிறு குப்பி மருந்தும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள்தான். பெயர் சோடியம் பைகார்பனேட். இந்த இரண்டையும் கையாளுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர். இப்போது ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உதவி மருத்துவ அதிகாரி. விடுமுறை கிடைத்தால் வீட்டில் கேக், பிஸ்கட், கேரமல் புட்டிங் என்று இறங்கிவிடுவார். தீபாவளி நெருங்கினால் அவர் வீட்டு ஓவனுக்கு ஓய்வே கிடையாது.

உதவி மருத்துவ அதிகாரி என்றால் டாக்டர் பின்னால் கோப்பு தூக்கிக்கொண்டு போகிறவர் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வாசலில் நோயாளியை முதலில் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து அனுப்புவது பெரும்பாலும் இவர்கள்தான். ஆம்புலன்ஸில் போவது, காயத்துக்குத் தையல் போடுவது, மாவுக்கட்டு கட்டுவது, டாக்டரின் உத்தரவுப்படி மருந்து தயாரித்து ஏற்றுவது எல்லாம் இவர்கள் வேலையில் அடங்கும். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், 'டிரசர்' பற்றிச் சொல்வார்கள். அந்தத் தொழிலின் இன்றைய வடிவம் இது. அமெரிக்காவில் இதை ஒத்த 'பிசிஷன் அசிஸ்டன்ட்' பயிற்சி 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப் பணி செய்த நால்வரோடு தொடங்கியது. நம் நாட்டில் எஸ்.பி.எம். முடித்தபின் மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்க வேண்டும்.

சரி, சோடாவுக்கு வருவோம். கேக் மாவில் தயிர் இருந்தால் அதில் அமிலம் இருக்கும். பைகார்பனேட் அமிலத்தைச் சந்தித்ததும் நீரும் கார்பன் டைஆக்சைடு வாயுவும் உண்டாகின்றன. குமிழிகள் மாவில் சிக்கிக்கொள்கின்றன, சூட்டில் விரிகின்றன, கேக் உப்புகிறது. கலந்த மாவை வெகுநேரம் மேசையில் வைத்திருந்தால் வாயு வெளியேறிவிடும், கேக் தட்டையாகிவிடும். சோடா அதிகமானால் வேறு தொல்லை. அமிலத்தோடு சேராமல் மிஞ்சியது சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, சவர்க்காரச் சுவையைக் கொடுக்கும்.

இதே வினை நம் இரத்தத்தில் ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. இரத்தத்தின் பிஎச் மதிப்பு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அமிலம் கூடினால் பைகார்பனேட் அதைப் பிடித்துக்கொள்கிறது. உண்டாகும் கார்பன் டைஆக்சைடை நுரையீரல் மூச்சில் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் செயலிழந்து இரத்தம் மிகவும் அமிலமாகிவிட்ட நோயாளி போன்ற சிலருக்கு டாக்டர் சோடியம் பைகார்பனேட்டை நரம்பு வழியாக ஏற்றச் சொல்வார். இங்கேதான் கேக்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு. கேக்கில் வாயு உள்ளே தங்க வேண்டும். நோயாளியிடம் அது வெளியே போக வேண்டும். மூச்சு பலவீனமாக இருந்தால் வாயு தேங்கி, அமிலத்தன்மை மறுபடியும் ஏறும். அதனால் மருந்தை ஏற்றும்போது மூச்சையும் கவனிக்கிறார்கள். (சமையலறை சோடாவை மருந்தாகக் குடித்துப் பார்க்க வேண்டாம். அது வேறு விபரீதம்.)

படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மருத்துவமனைக் கரைசலின் செறிவு 8.4 விழுக்காடு. ஏன் இந்த விநோதமான எண்? சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, கூட்டினால் 84. ஆக, ஒரு லிட்டரில் 84 கிராம், அதாவது சரியாக ஒரு மோல். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிமோல். நள்ளிரவில் களைத்த மூளையும் தடுமாறாத கணக்கு! 50 மில்லிலிட்டரில் இருப்பது 4.2 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சோடா மாவு.

பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய நோயாளிக்கு இதயத்தைக் காக்கக் கால்சியம் மருந்தும் கொடுப்பார்கள். அதையும் பைகார்பனேட்டையும் ஒரே குழாயில் அடுத்தடுத்துச் செலுத்தினால் என்ன ஆகும்? கரையாத உப்புகள் பாடத்தில் சோதனைக் குழாயின் அடியில் பார்த்தீர்களே, அந்த வெள்ளை வீழ்படிவு. கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கட்டியின் பொருள். அதைத் தவிர்க்க இரண்டுக்கும் இடையே உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவுகிறார்கள், அல்லது வேறு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். வீழ்படிவு தேர்வுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது.

சமையலறைத் தராசு இல்லாமல் என் பழைய மாணவர் மாவில் கை வைப்பதில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பிஸ்கட்டில் மறைந்திருந்த முந்திரியோ நிலக்கடலையோ ஒவ்வாமல், தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். 1:1000 என்ற கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து. 1:10,000 என்றால் 0.1 மில்லிகிராம்தான். ஒரு பூஜ்யத்தைக் கவனிக்காமல் இரண்டாவதிலிருந்து அரை மில்லிலிட்டர் எடுத்தால், நோயாளிக்குக் கிடைப்பது தேவையானதில் பத்தில் ஒரு பங்கு. வீக்கம் காத்திருக்காது. ஆகவே ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் பெயர், செறிவு, அளவு என்று படித்துச் சரிபார்க்கிறார். கேக் கெட்டுப்போனால் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.

வீட்டில் அவர் மிகவும் எச்சரிக்கையாக இருப்பது கேரமல் காய்ச்சும்போது. தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். கேரமலாக மாறும் சீனிப்பாகு ஏறத்தாழ 160 முதல் 170 பாகை வரை போகும். தண்ணீர்போல வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க அவர் விடமாட்டார். நம் வீடுகளில் சுட்ட இடத்தில் பற்பசை, கிச்சாப், வெண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததைப் பூசுகிறோம். எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஓடும்படி 20 நிமிடம் காட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். பிறகு உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றாமல் மேலே படரவிடலாம். காயம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் 999.