இரத்தக் கொதிப்பும் அதனை அளக்கும் முறையும்

இரத்தக் கொதிப்பு என்னும் பெயர் வழக்கில் வேரூன்றிவிட்டது. ஆயினும் அதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. இந்நோயில் இரத்தம் கொதிப்பதுமில்லை, உடல் சுடுவதுமில்லை. நாடிக் குழாய்களின் சுவர்மீது இரத்தத்தின் அழுத்தம் நிலையாக மிகுந்திருப்பதே நோய். சினமும் தலைவலியும் இல்லாதவரை இது அணுகாது என மக்கள் எண்ணுவதற்கு இப்பெயரும் ஒரு காரணம் எனலாம். உண்மையில் பெரும்பாலோர்க்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. மூளைக்கோ, இருதயத்திற்கோ, சிறுநீரகத்திற்கோ கேடு விளைந்த பின்னரே பலர் தம் நோயை அறிகின்றனர். அதற்கு முன்னரே அறிய வேண்டுமாயின் அளந்து பார்ப்பதொன்றே வழி.

1896-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, மேற்கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத்தால் அழுத்தத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். பட்டையின் காற்றை இறக்கும்போது நாடியில் எழும் ஒலிகளை 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காவ் விவரித்தார். ஒலி தொடங்குமிடம் மேல் அளவு. மறையுமிடம் கீழ் அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் அளவு 140 மில்லிமீட்டரோ கீழ் அளவு 90 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின், அது மிகை அழுத்தமாகும்.

இன்று ஊழியர் பலரிடம் இருப்பது தானியங்கிக் கருவி. அதற்குக் காது கொடுத்துக் கேட்க வேண்டுவதில்லை. கவனம் மட்டும் குறையலாகாது. வெயிலில் நடந்து வந்தவரை வந்தவுடன் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சட்டையின் மேல் பட்டையைச் சுற்றினால் கிடைப்பது நம்பத்தகாத எண்ணே. ஐந்து நிமிடமேனும் அவர் ஓய்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் படிந்தும் இருத்தல் வேண்டும். அரை மணிக்குள் காப்பியோ புகையிலையோ கொண்டிருத்தலும், சிறுநீரை அடக்கியிருத்தலும் அளவை உயர்த்தும். தடித்த கைக்குச் சிறிய பட்டையும் அவ்வாறே.

கையை மேசைமீது இருதய மட்டத்தில் வைக்கச் சொல்வது வெறும் சடங்கன்று. பட்டை 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அளவு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மிகும். தொட்டியின் ஆழத்தில் நீரின் அழுத்தம் கூடுவது போன்றதே இது. பௌதிக ஆசிரியர்க்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பதரிது. 134 உள்ள ஒருவர் இத்தவறொன்றினாலேயே நோயாளியாகக் குறிக்கப்படலாம். ஆகவே ஓரிரு நிமிட இடைவெளியில் மீண்டும் அளந்து, கருவி காட்டிய எண்ணையே எழுத வேண்டும். 138-ஐ 140 ஆக்குதல் கூடாது.

உப்பை நாளொன்றுக்கு 5 கிராமிற்குள் அடக்குதல் நன்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். மருந்து தொடங்கியவர்களிடம் எழும் இடர் வேறு. அளவு இறங்கியதும் நோய் தீர்ந்ததென எண்ணிப் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இறங்கிய அளவு மாத்திரையின் பயனே என்பதையும், மருத்துவர் கூறாமல் அதனை விடலாகாது என்பதையும் அட்டையில் எண்ணை எழுதும்போதே ஊழியர் அவரிடம் சொல்லி, மறுமுறை வரவேண்டிய தேதியையும் அதில் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.