அரியலூரில் அலையடித்த கடல்

பூஜையில் சாளக்கிராமம் வைத்து ஆராதிக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். கண்டகி நதிப் பிரதேசத்திலிருந்து வரும் அக்கரிய கல்லினுள் சக்கரம் போன்ற வரிகள் ஓடுவதைக் குழந்தைகள் கண்டிருப்பார்கள். பக்தர் கண்ணுக்கு அது விஷ்ணு சக்கரம். பூமி சாஸ்திரியின் கண்ணுக்கோ, பல கோடி வருஷங்களுக்கு முன் சமுத்திரத்தில் வாழ்ந்த 'அம்மோனைட்டு' என்னும் பிராணியின் ஓடு. இன்று இமயமலை நிற்குமிடத்தில் முன்பு கடல் இருந்ததென்பதற்கு அது ஒரு சாக்ஷி.

அத்தகைய சாக்ஷிகளைத் தேடி நாம் இமயம் வரை போகவேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலேயே அவை நிறைந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 11 கோடி வருஷங்களுக்கு முன் வங்கக் கடல் அங்கே உள்ளே புகுந்து, இடையிடையே விலகியும் மீண்டும் பரவியும் பல கோடி வருஷம் தங்கியிருந்தது.

கடற்பிராணி ஒன்று இறந்து அடியில் வீழ்கிறது. மெல்லிய உடல் அழுகிப் போகிறது, ஓடு எஞ்சுகிறது. அதன்மேல் சேறும் மணலும் படிந்து மூடுகின்றன. காலம் செல்லச் செல்லச் சேறு பாறையாக இறுகுகிறது. ஊறி வரும் நீரிலுள்ள தாதுப்பொருள்கள் ஓட்டினுள் புகுந்து அதனைக் கல்லாக்குகின்றன. இதுவே 'பாஸில்' எனப்படும் தொல்லுயிர் எச்சம். இறந்தவற்றுள் மிகச் சிலவற்றுக்கே இந்தப் பாக்கியம் கிட்டுகிறது.

ஆராய்ச்சியாளர் இவற்றைக் கண்டபடி தோண்டித் தேடுவதில்லை. முதலில் பூமிசாஸ்திரப் படத்தை விரித்து, நீரில் படிந்து உண்டான பாறை எங்கே உள்ளதென்று பார்க்கின்றனர். நெருப்புக் குழம்பு உறைந்த பாறையில் உயிரின் சுவடு கிடைப்பது மிக அரிது. பிறகு மழை அரித்த ஓடைக் கரைகள், கிணறு வெட்டிய மண், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆகியவற்றினூடே நடந்து நடந்து நோக்குகின்றனர். காரை என்னும் ஊரருகே மழை அரித்துக் குடைந்த பள்ளத்தாக்குகள் இத்தேடலுக்குப் பெயர்பெற்றவை.

1840களில் கேயி, கன்லிப் என்ற இருவர் இங்கே திரட்டிய கற்கள் கப்பலேறி லண்டனை அடைந்தன. எட்வர்டு போர்ப்ஸ் 1846ஆம் வருஷம் அவற்றை வர்ணித்து வெளியிட்டார். பின்னர் பிளான்போர்டு நிலத்தை அளந்து படம் வரைந்தார். ஸ்டோலிஸ்கா ஒவ்வோர் ஓட்டையும் சித்திரத்துடன் விவரித்துப் பெருநூல்கள் எழுதினார். 1940ஆம் வருஷம் நம்மவரான எம். எஸ். கிருஷ்ணன், சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டு அறிவித்தார்.

கடற்பாறையில் மரம் எவ்வாறு வந்தது? நல்ல கேள்வி. ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த மரம் கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்தது என்பதே விடை. ஆகவே, அங்கே கரையும் அதிகத் தூரத்தில் இருந்திராது. ஒரு மரத்திலிருந்து ஆற்றையும் கரையையும் ஊகித்தறிவதே இந்தச் சாஸ்திரத்தின் அழகு.

வயதறியும் முறையும் இத்தகையதே. கலைக்கப்படாத அடுக்குகளில் கீழே உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. அம்மோனைட்டுகள் அடிக்கடி உருமாறியவை. ஆதலால் இன்ன வகை கிடைத்தால் இன்ன காலத்துப் பாறை என்று நிர்ணயிக்கலாம். எரிமலைச் சாம்பல் கலந்த அடுக்கு எங்கேனும் அகப்பட்டால், அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியுள்ளதென்று அளந்து வருஷக் கணக்கையே கூறிவிடுகின்றனர். 6 கோடியே 60 லக்ஷம் வருஷங்களுக்கு முன் அம்மோனைட்டுகளும், பறவையினம் நீங்கலான டினோஸார்களும் உலகினின்று மறைந்தன என்று அறிந்தது இவ்வழியில்தான்.

உருண்டையான கல்லெல்லாம் டினோஸார் முட்டையாகிவிடாது. 2020ஆம் வருஷம் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் நீர்நிலையைத் தோண்டியபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. முட்டைகள் என்று ஊரெங்கும் பேச்சு. வல்லுநர் ஆராய்ந்து, அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு இறுகி உண்டானவை என்றனர்.

ஆயினும், உண்மையான டினோஸார் எலும்பும் அரியலூர்ச் சீமையில் கிடைத்ததுண்டு. கள்ளமேட்டருகே அகப்பட்டவற்றை யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1980களில் ஆராய்ந்து 'பிருஹத்காயசாரஸ்' என்று பெயரிட்டனர். பெருத்த உடலுடைய பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! உலகில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக இது இருந்திருக்கலாம். ஆனால் அந்தோ! ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கிய அவ்வெலும்புகள் பொடிந்து உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை எழுத்தும் சித்திரமும் சில புகைப்படங்களுமே. அது எலும்பேயன்று, கல்மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. கல் கையில் இருந்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும் வழக்கு!

இதனாலேயே தேர்ந்த ஆராய்ச்சியாளர் பாஸிலைக் கண்டவுடன் பெயர்ப்பதில்லை. இடம், அடுக்கு, திசை யாவும் குறித்துப் படமெடுத்து, சிற்றுளியாலும் தூரிகையாலும் மண்ணை நீக்குகின்றனர். உடையக்கூடியதாயின், ஈரக் காகிதம் போர்த்து, சாந்தில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றி, முறிந்த காலுக்கு வைத்தியர் கட்டுப்போடுவது போல் கட்டி எடுக்கின்றனர். எந்த அடுக்கிலிருந்து வந்ததென்று தெரியாத கல், முகவரி இழந்த கடிதம் போன்றது.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் இவற்றுக்கென ஒரு காட்சிச்சாலை உண்டு. விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வழியில் ஓடைக்கரையில் சுருள் வரியுடன் ஒரு கல் தென்பட்டால், பையில் போட்டுக்கொள்ளும் ஆசையை அடக்கி, இடத்தைக் குறித்துப் படமெடுத்து, அறிந்தவர்க்குத் தெரிவிக்கப் பழக்குங்கள். கோடி வருஷம் காத்திருந்த செல்வத்தை அலட்சியத்தால் இழக்க ஒரு மழைக்காலம் போதும்.