நூறு மீட்டரில் தோற்றவன்

சென்ற கோடையில் ஒரு மாலை, பாளையம்பட்டிப் பொட்டல் ஒன்றில் கபடி அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன்களை நூறு மீட்டர் ஓடவிட்டு, முன்னால் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. கடைசியாக வந்த பையன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறையவே, அவனையும் இறக்கினார்கள். பாடிப் போனவனை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை! "ஓட்டத்தில் கடைசி, ஆட்டத்தில் மட்டும் எப்படி நழுவுகிறான்?" என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்.

விடை, நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த முடுக்கத்தில் இருக்கிறது.

ஆண்கள் கபடி ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். பாடிப் போகிறவன் அங்கே காலூன்றித் திரும்பினால், உயிர் தப்ப ஓடவேண்டிய தூரம் அவ்வளவுதான். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அவருக்கே முதல் 10 மீட்டருக்கு 1.89 வினாடி ஆயிற்று. 60 முதல் 80 மீட்டர் வரையிலான 20 மீட்டருக்கோ 1.61 வினாடிதான். அதாவது, அவருடைய உச்ச வேகம் கபடிக் களத்துக்குள் வெளிப்படவே இடமில்லை.

ஓட்டக்காரரின் வேகம் எப்படி ஏறுகிறது என்பதை அளந்து பார்த்தவர்களுள் ஏ. வி. ஹில் முக்கியமானவர், தசைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். ஓடுகிறவர் உடலில் காந்தத் துண்டு ஒன்றைக் கட்டி, பாதையோரம் கம்பிச் சுருள்களை வைத்தார். காந்தம் கடக்கும்போது ஒவ்வொரு சுருளிலும் மின்னோட்டம் தூண்டப்படும். ஃபாரடேயின் விதியே கடிகாரமாகிவிட்டது! 1927இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு இது: வேகம் முதலில் விரைந்து ஏறி, பிறகு மெல்ல மெல்ல உச்சத்தை நெருங்குகிறது. (மின்தேக்கி மின்னேற்றம் பெறும் வளைகோடும் இதுவே. மேல்நிலை மாணவர்கள் ஒப்பிட்டுப் பாருங்கள்.)

இரண்டு பையன்களைக் கற்பனை செய்வோம். நெட்டையனின் உச்ச வேகம் வினாடிக்கு 9 மீட்டர். அதில் 63 சதவீதத்தை எட்ட அவனுக்கு 1.5 வினாடி வேண்டும். கட்டையனின் உச்ச வேகம் 8 மீட்டர்தான். ஆனால் அதில் 63 சதவீதத்தை ஒரே வினாடியில் எட்டிவிடுவான். ஹில்லின் வளைகோட்டின்படி கணக்கிட்டால், நூறு மீட்டரை நெட்டையன் 12.6 வினாடியிலும் கட்டையன் 13.5 வினாடியிலும் ஓடுவார்கள். கட்டையனுக்குப் படுதோல்வி. 4.75 மீட்டருக்கோ கட்டையனுக்கு 1.33 வினாடி, நெட்டையனுக்கு 1.46 வினாடி. கட்டையன் கோட்டைத் தொடும்போது நெட்டையன் 70 சென்டிமீட்டர் பின்னால் இருப்பான். ஏறக்குறைய ஒரு கை நீளம்! கபடியில் பிடிபடுவதற்கும் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் அல்லவா?

தொடக்க முடுக்கத்தைத் தருவது எது? கால் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை. எவ்வளவு தள்ளுகிறோம் என்பதோடு, எந்தத் திசையில் தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். நிமிர்ந்து நின்று உதைத்தால் விசையின் பெரும்பகுதி உடலைத் தூக்குவதிலேயே போய்விடும். முன்சாய்ந்து உதைக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதைவிட, கண்மாய்க் கரையின் சரிவில் நாலே பாய்ச்சலில் ஏறச் சொல்லலாம். சரிவு தானாகவே உடலைச் சாய்த்துவிடும். பழைய டயரை இடுப்பில் கட்டி இழுத்து ஓடுவதும் அப்படியே.

தரையும் ஒத்துழைக்கவேண்டும். 50 கிலோ எடையுள்ள பையன் தரையை அழுத்தும் விசை சுமார் 500 நியூட்டன். நீர் தெளித்துக் கெட்டித்த மண்ணில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால் 400 நியூட்டன் வரை தள்ளலாம், முடுக்கம் 8. பொருபொருத்த மண்ணில் அது 0.5 என்றால் முடுக்கம் 5தான். கட்டையனின் திறமை புழுதியில் போய்விடும். ஆட்டத்துக்கு முன் களத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பெரியவர்கள் வெறும் புழுதியை மட்டும் அடக்கவில்லை.

காலையில் ஊரைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓடினால் மூச்சு பலப்படும், நல்லதுதான். முதல் ஐந்து மீட்டர் அதனால் வேகப்பட்டுவிடாது. அதற்கு ஐந்து, பத்து மீட்டர்களை முழு மூச்சாக ஓடவேண்டும்; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நிற்கவேண்டும். அந்தச் சில வினாடிப் பாய்ச்சலுக்குத் தசையில் இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் பெரிதும் செலவாகிறது. அதில் பாதி மீள்வதற்கே அரை நிமிடம்போல் ஆகும். நிற்கிற பையனைச் சோம்பேறி என்று விரட்டினால் அடுத்த ஓட்டம் மந்தமாகும். மந்தமாக ஓடத்தான் அவன் பழகுவான்.

இனி ஆள் எடுப்பது எப்படி? கடிகாரத்தை நம்பவேண்டாம். கை அழுத்தும் ஸ்டாப்வாட்சில் 0.2 வினாடி பிழை சாதாரணம். நம் இருவருக்கும் உள்ள வித்தியாசமோ 0.13 வினாடிதான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே சத்தத்தில் ஐந்து மீட்டர் ஓடவிடுங்கள். ஒருவர் முடிவுக் கோட்டருகே குனிந்து உட்கார்ந்து பார்க்கட்டும். 70 சென்டிமீட்டர் வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்தப் பெரியவர் மறு ஞாயிற்றுக்கிழமை கோலமாவில் கோடு போட்டுக்கொண்டு காத்திருந்தார்.